அச்சுப் பிழையா, அடிபட்ட காசா?

வாசகர் கேள்வி – நாணயப் பகுதி

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: "என்னிடம் இருப்பது எரர் காயினா, அதாவது நாணயச்சாலையிலேயே பிழையாக அடித்த காசா?" படங்களைப் பார்த்தால் நாணயச்சாலையில் பிழையானவை சில, தெருவில், பட்டறையில், அடுப்பில் சிதைந்தவை பல. பதில்களில் திரும்பத் திரும்ப நான்கு கருவிகள் வரும். 10 மடங்கு பெருக்கும் லென்ஸ், 0.01 கிராம் வரை காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு, குறுக்களவு பார்க்க வெர்னியர் காலிபர், ஒரு நல்ல காந்தம். இவை இல்லாமல் செல்போன் படத்தை மட்டும் வைத்து முடிவு சொல்வது ஜோசியம்.

மஞ்சள் நிற 5 ரூபாய்க் காசில் சிங்கத்தின் தலையிலிருந்து விளிம்பு வரை ஒரு கோடு ஓடுகிறது. கீறலா, அச்சில் விழுந்த விரிசலா? – திண்டுக்கல் வாசகர்

கோடு மேடா, பள்ளமா? முதலில் அதைப் பாருங்கள். அச்சு என்பது காசில் உருவத்தை அடித்துப் பதிக்கும் கட்டை. அதில் பள்ளமாக இருப்பதெல்லாம் காசில் மேடாக வரும். அச்சு விரிசல் விட்டால் அந்தப் பிளவுக்குள் உலோகம் அழுந்திப் புகுந்து, காசின் மேல் மெல்லிய வரப்பு போல எழுந்து நிற்கும். கீறல் அப்படியல்ல. ஏர் ஓட்டிய சால் மாதிரி நடுவில் பள்ளம், ஓரங்களில் ஒதுங்கிய உலோகப் பிசிறு. நகத்தை மெதுவாக ஓட்டினாலே பிசிறு தட்டுப்படும்.

கண் ஏமாற்றும் என்பதால் வெளிச்சத்தைச் சரியாக வையுங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு, மேசை விளக்கு ஒன்றைப் பக்கவாட்டில் தாழ்வாக வைத்துக் காசைச் சுழற்றிப் பாருங்கள். நிழல் விளக்குக்கு எதிர்ப்புறம் விழுந்தால் கோடு மேடு. விளக்கை ஒட்டிய புறத்திலேயே நிழல் விழுந்தால் பள்ளம். படம் அனுப்பும்போது வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று எழுதுங்கள். அது தெரியாவிட்டால் படத்தில் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் தெரியும்.

விரிசல் நேராக ஓடாது. ஆறு மாதிரி வளைந்து, ஓர் எழுத்திலிருந்து அடுத்த எழுத்துக்குத் தாவி, பெரும்பாலும் விளிம்பில் போய் முடியும். உச்சி மழுங்கலாக இருக்கும், பிசிறு இருக்காது. ஓடுகிற அச்சில் விரிசல் விழுவது சகஜம், ஆகவே மெல்லிய விரிசலுக்காகப் பெரிய விலை எதிர்பார்க்க வேண்டாம். விரிசல் வளர்ந்து விளிம்போரம் அச்சிலிருந்து ஒரு துண்டே பெயர்ந்து விழுந்தால்தான் சேகரிப்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அந்த இடத்தில் எழுத்தே இல்லாமல் வழவழப்பான ஒரு திட்டு காசில் எழுந்து நிற்கும். 'கட்' என்பார்கள். ஈயம் உருக்கி ஒட்டியும் இதைப் போலியாகச் செய்கிறார்கள். காசைத் திருப்பி, திட்டுக்கு நேர் பின்புறத்தைப் பாருங்கள். உண்மையான கட் என்றால் அங்கே எழுத்து மங்கியிருக்கும், ஏனென்றால் உலோகம் முன்புறத்துப் பள்ளத்தை நிரப்பப் போய்விட்டதால் பின்புறம் அழுத்தம் குறைந்துவிடும். ஒட்டிய திட்டில் பின்புறம் பளிச்சென்றே இருக்கும், எடையும் கூடும்.

இதை வைத்துப் 'பள்ளம் என்றால் எப்போதும் சேதம்தான்' என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அச்சுக்கும் வில்லைக்கும் (அச்சிடும் முன் உள்ள வெற்று உலோகத் தட்டு) நடுவே நூலோ உலோகச் சுருளோ மாட்டினால், அதன் தடம் காசில் பள்ளமாகவே பதியும். அந்தப் பள்ளத்தின் அடி வழவழப்பாக இருக்கும், கரையில் பிசிறு இருக்காது. நூல் என்றால் அதன் முறுக்குக்கூட லென்ஸில் தெரியும்.

என் 1 ரூபாய்க் காசில் ஆண்டுக்குக் கீழே எந்தக் குறியும் இல்லை. மற்றவற்றில் புள்ளியோ நட்சத்திரமோ இருக்கிறது. குறி விடுபட்ட பிழையா? – திருநெல்வேலி

கொல்கத்தா நாணயச்சாலைக் காசு, அவ்வளவுதான். எங்கே அடித்தது என்று காட்டும் குறியை அங்கே போடுவதில்லை. மும்பைக்குச் சாய்சதுரம், ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்கு உருண்டைப் புள்ளி. ஒன்று மட்டும் கவனியுங்கள்: அச்சின் நுண்பள்ளத்தில் எண்ணெயும் உலோகத் தூளும் அடைத்துக்கொண்டால் நொய்டாவின் புள்ளி காணாமல் போகும். அப்படியானால் அருகிலுள்ள ஆண்டின் இலக்கங்களும் மங்கலாகவே இருக்கும். இலக்கங்கள் கூர்மையாக இருந்து குறி மட்டும் இல்லையென்றால் கொல்கத்தா.

2 ரூபாய்க் காசில் எழுத்துகள் இரட்டையாகத் தெரிகின்றன. 'டபுள் டை' என்று ஒருவர் சொன்னார், விலையும் பெரிதாகச் சொன்னார். – ஈரோடு

அதிகம் ஏமாறுகிற இடம் இதுதான். இரட்டிப்பில் இரண்டு வகை உண்டு. ஒன்றுக்கு மதிப்பு உண்டு, இன்னொன்றுக்குக் கிட்டத்தட்ட இல்லை. நம் கையில் வருவதெல்லாம் இரண்டாவது வகை.

மதிப்பில்லாததை முதலில் சொல்லிவிடுகிறோம். அச்சு தளர்ந்திருந்தால், அடித்துவிட்டு மேலே எழும்போது ஒரு துளி வழுக்கும். அப்போது இப்போதுதான் பதிந்த எழுத்தின் ஓரத்தைத் தேய்த்து, அதைப் படிக்கட்டு போலத் தட்டையாக்கிவிடும். லென்ஸில் பார்த்தால் எழுத்தின் ஒரு பக்கத்தில் தாழ்வான, பளபளப்பான திண்ணை போல ஒரு தட்டு தெரியும். எழுத்து தடித்திருக்காது. உள்ள உலோகத்தையே இழுத்துத் திண்ணை போட்டதால் மேல்பகுதி ஒடுங்கியிருக்கும். நம் எஃகுக் காசுகளில் இது சர்வசாதாரணம்.

மதிப்புள்ளது அச்சிலேயே பிறந்த இரட்டிப்பு, அதுதான் 'டபுள் டை'. மூல உருவை அச்சில் அழுத்திப் பதிக்கும்போது, இரண்டாம் அழுத்தம் சற்றுத் திரும்பி விழுந்தால் அச்சிலேயே இரண்டு உருவங்கள் இருக்கும். காசில் எழுத்து தடித்து, இரண்டு உருவமும் உருண்டையாக, ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கும். முனைகளில் இரண்டும் பிரியும் இடத்தில் சிறு வெட்டு தெரியும். அமெரிக்காவின் 1955 ஒரு செண்ட் இதற்குப் பாடநூல் உதாரணம்: ஆண்டும் எழுத்தும் வெறும் கண்ணுக்கே இரண்டாகத் தெரியும். பிழை அச்சில் இருப்பதால், அதே அச்சில் அடித்த எல்லாக் காசிலும் இரட்டிப்பு அச்சுஅசலாக ஒரே மாதிரி இருக்கும். வழுக்கலில் வந்த இரட்டிப்பு காசுக்குக் காசு மாறும். உங்கள் காசோடு ஒத்துப்போகும் இன்னொன்றை விற்பவரால் காட்ட முடிகிறதா என்று கேளுங்கள். பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

10 ரூபாய்க் காசின் நடுவட்டம் கழன்று, வெறும் வளையம் கிடைத்தது. நாணயச்சாலையிலேயே நடுவட்டம் வைக்க மறந்திருப்பார்களா? – நாகர்கோவில்

மறப்பதும் உண்டு. ஆனால் தெருவில் கிடைக்கும் வளையங்கள் அநேகமாக ஆணியும் சுத்தியலும் வைத்துத் தட்டிக் கழற்றியவை. விடை வளையத்தின் உட்சுவரில் இருக்கிறது.

10 ரூபாயில் வளையமும் நடுவட்டமும் தனித்தனி வில்லைகள். இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்று வைத்து ஒரே அடியில் அச்சிடும்போது, உலோகம் நெருக்கி ஓடி ஒன்றை ஒன்று கவ்விக்கொள்கிறது. அடித்த பிறகு கழற்றினால் அந்தக் கவ்விய தடம் உட்சுவரில் மிஞ்சும், சுவர் செங்குத்தாக நிற்கும், ஒரு பக்கம் தள்ளிய பிசிறும் இருக்கும். நடுவட்டமே இல்லாமல் அடித்திருந்தால், தடுக்க எதுவும் இல்லாததால் வளையத்தின் உலோகம் உள்நோக்கி வழிந்திருக்கும். உள்விளிம்பு மழுங்கி, துளை வழக்கத்தைவிடக் குறுகி, அதை ஒட்டிய கோலம் இழுபட்டு மங்கியிருக்கும். விரலை உள்ளே விட்டுச் சுற்றினாலே வித்தியாசம் புரியும்.

நடுவட்டம் ஒரு பக்கமாக நகர்ந்து, வளையம் ஓரிடத்தில் தடித்தும் எதிரே மெலிந்தும் இருந்தால் அது வேறு கதை. வளையத்தில் துளை போடும்போதே மையம் தவறியிருக்கிறது. பின்னால் யாரும் செய்ய முடியாத பிழை அது. அப்படி ஒன்று கிடைத்தால் செலவழிக்காதீர்கள்.

கூடவே ஒன்று. வளையத்தில் 10 கோடுகள் இருந்தால் நல்ல காசு, 15 இருந்தால் கள்ளக் காசு என்று கடைகளில் இன்னும் பேச்சு நடக்கிறது. இரண்டும் செல்லும். 10 ரூபாய் நாணயத்தில் 14 வடிவங்கள் வெளியாகியுள்ளன, எல்லாமே செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் தெளிவாகவே அறிவித்தது. ரூபாய்ச் சின்னம் இல்லாதது கள்ளக் காசு என்பதும் வெறும் பேச்சுதான். 2010-ல் வந்த சின்னம் அதற்கு முந்தைய ஆண்டுக் காசுகளில் எப்படி இருக்கும்?

1 ரூபாய்க் காசின் மேல் கண்ணாடியில் தெரிவது போல இடவலமாக எழுத்து பதிந்திருக்கிறது. 'பிராக்கேஜ்' என்று விற்றார்கள், வாங்கிவிட்டேன். – கோயம்புத்தூர்

உங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு லேத் பட்டறை, பட்டறைக்குப் பட்டறை பெஞ்ச் வைஸ். இரண்டு காசுகளை ஒட்டிவைத்து வைஸில் இறுக்கினால், ஒன்றின் எழுத்து மற்றதில் தலைகீழ்ப் பிம்பமாகப் பள்ளமாகப் பதியும். அனுப்பிய படத்தில் அதுதான் தெரிகிறது.

உண்மையான பிராக்கேஜ் எப்படி வருகிறது? அடித்த காசு அச்சை விட்டு வெளியேறாமல் ஒட்டிக்கொண்டு நிற்க, அடுத்த வில்லை உள்ளே வந்துவிடும். ஒட்டிய காசே அச்சாக வேலை செய்து, புது வில்லையில் தன் பிம்பத்தைப் பதிக்கும். எனவே அந்தப் பக்கம் முழுக்கவோ ஒரு பகுதியிலோ தலைகீழ்ப் பிம்பம் மட்டும் இருக்கும், அந்த இடத்தில் வழக்கமான மேட்டு உருவம் இருக்காது. உங்கள் காசில் மேட்டு எழுத்தும் இருக்கிறது, அதை நசுக்கிக்கொண்டு பள்ள எழுத்தும் ஓடுகிறது. மறுபக்கத்து மேடுகளும் வைஸின் தாடையில் அழுந்தித் தட்டையாகியிருக்கும், பாருங்கள். கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

5 ரூபாய்க் காசு செம்பு நிறத்தில் இருக்கிறது. வேறு உலோக வில்லையில் அடித்ததா? – கரூர்

மஞ்சள் 5 ரூபாய் நிக்கல் பித்தளையில் அடித்தது. அதில் 75 சதவீதம் செம்பு, 20 சதவீதம் துத்தநாகம், 5 சதவீதம் நிக்கல். அமிலமோ உப்பு ஈரமோ பட்ட இடத்தில் மேற்பரப்பில் உள்ள துத்தநாகம் முதலில் கரைந்து போய்விடும், செம்பு மிஞ்சும். அதனால் கிணற்றில், மண்ணில், சாயக் கழிவில் கிடந்த மஞ்சள் காசு ரோஜா நிறமாகிவிடும். நிறம் திட்டுத்திட்டாக இருக்கிறதா, தேய்ந்த மேட்டில் மட்டும் மஞ்சள் எட்டிப் பார்க்கிறதா என்று கவனியுங்கள். எடை 6 கிராமை ஒட்டி, குறுக்களவு 23 மில்லிமீட்டர் என்றால் வழக்கமான வில்லைதான்.

மாற்று வில்லைப் பிழையை நிறத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. எடை, அளவு, காந்தம் மூன்றும் சேர்ந்து சாட்சி சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1943-ல் செண்ட் காசை எஃகில் அடித்தபோது, எஞ்சிய செம்பு வில்லைகள் சில கலந்துவிட்டன. அவற்றுக்குக் கிடைத்த விலையைப் பார்த்து எஃகுக் காசுக்குச் செம்பு முலாம் பூசி விற்றார்கள். காந்தம் அதைக் காட்டிக்கொடுத்தது. இங்கே கோயில் கடைகளில் தங்க முலாம் பூசித் தரும் 1 ரூபாய்க்கும் அதே சோதனைதான், ஒட்டிக்கொள்ளும். நீலமும் வைக்கோல் மஞ்சளுமாக மின்னும் எஃகுக் காசு அடுப்பில் காய்ந்தது. வெள்ளை 5 ரூபாய் வைத்திருப்பவர்கள் எழுத வேண்டாம்: 2007 வரிசை எஃகில் வந்தது, அதற்கு முந்தையது செம்பு–நிக்கலில் 9 கிராம் எடையோடு வந்தது. இரண்டுமே பிழையல்ல.

காசின் ஓரம் பிறை வடிவில் வெட்டுப்பட்டிருக்கிறது. யாரோ வெட்டினார்களா? – விழுப்புரம்

நல்ல கேள்வி, படமும் நன்றாக இருக்கிறது. உங்கள் காசு உண்மையான 'கிளிப்' போலத்தான் தெரிகிறது.

உலோகப் பட்டையிலிருந்து அப்பளம் வெட்டுவது போல வில்லைகளை வெட்டி எடுக்கிறார்கள். பட்டை போதுமான அளவு நகரவில்லை என்றால், அடுத்த வெட்டு முன்பு போட்ட துளையின் மேல் பாதி விழும். வெளியே வரும் வில்லையில் பிறை அளவு குறையும். பட்டையின் ஓரத்தில் விழுந்தால் குறை நேர்கோடாக இருக்கும்.

உறுதி செய்ய மூன்று பார்வைகள். பிறைக்கு நேர் எதிரே உள்ள விளிம்பைப் பாருங்கள், அங்கே விளிம்பு மெலிந்தோ மறைந்தோ இருக்க வேண்டும். அச்சிடும் முன் வில்லையின் ஓரத்தை உருட்டி மேடாக்குகிறார்கள். ஒரு பக்கம் வெட்டுப்பட்டால் எதிர்ப்பக்கத்தில் அழுத்தம் கிடைப்பதில்லை, அதனால்தான். அடுத்து, வெட்டின் அருகே எழுத்தைப் பாருங்கள். வில்லை முன்பே குறைந்திருந்தால், அடிக்கும்போது உலோகம் அந்தத் திறந்த பக்கம் ஓடி எழுத்து சற்று இழுபட்டு மங்கும். பின்னால் அரத்தாலோ கத்தரியாலோ வெட்டியதில் எழுத்து கூர்மையாக வந்து சட்டென்று அறுபடும், வெட்டிய முகத்தில் இணைகோடுகள் இருக்கும். கடைசியாக எடை: 6 கிராம் காசு 5.70 காட்டினால் 5 சதவீத கிளிப் என்று குறித்துக்கொள்ளுங்கள். எதிர் விளிம்பு மெலியவில்லை என்பதாலேயே நிராகரிக்காதீர்கள், சிறிய கிளிப்பில் அது தெரியாமலும் போகும். தெரிந்தால் நல்ல சாட்சி.

ஓரம் நேராக இருக்கிறதே என்று பழைய 2 ரூபாயை அனுப்பிய சேலம் வாசகருக்கு: அந்தக் காசுக்கே 11 பக்கம்.

வழக்கத்தைவிட மெல்லிய, சிறிய 5 ரூபாய். எடை 4.9 கிராம். – தஞ்சாவூர்

எழுத்துகளின் தடிமனைப் பாருங்கள். மெலிந்து, ஓரம் உருகிய மெழுகு போல இருந்தால் அமிலத்தில் கிடந்தது. அமிலம் எல்லாப் பக்கமும் சமமாகத் தின்பதால் எழுத்து, விளிம்பு, குறுக்களவு எல்லாம் சேர்ந்தே குறையும். மெல்லிய பட்டையில் வெட்டிய உண்மையான வில்லை என்றால் குறுக்களவு குறையாது, காசு மெலிந்து உருவம் மட்டும் மங்கலாகப் பதிந்திருக்கும். குறுக்களவு 23 மில்லிமீட்டருக்குக் குறைந்துவிட்டது என்றால் கேள்வி அங்கே முடிந்தது. பித்தளைக் காசைப் பொற்பட்டறை நைட்ரிக் அமிலமே கரைத்துவிடும். எஃகுக் காசு அதற்கு அசையாது, ஆனால் குளியலறை கழுவும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் எஃகையும் தின்னும்.

ஒப்பிட வசதியாக: ரூபாய்ச் சின்னத்தோடு 2011-ல் வந்த வரிசையில் 2 ரூபாய் 25 மில்லிமீட்டர், 4.85 கிராம், 5 ரூபாய் 23 மில்லிமீட்டர், 6 கிராம், 10 ரூபாய் 27 மில்லிமீட்டர், 7.71 கிராம். 20 ரூபாய் 12 பக்கத்தோடு 27 மில்லிமீட்டர், 8.54 கிராம். புழங்கிய காசில் 0.1 கிராம் முன்னே பின்னே இருப்பதைப் பொருட்படுத்த வேண்டாம்.

லண்டனில் உள்ள மகன் தந்த 20 பென்ஸ் காசில் இரு பக்கமும் ஆண்டே இல்லை. – மதுரை

பத்திரப்படுத்துங்கள். 2008-ல் பிரிட்டனில் காசுகளின் பின்புறத்தைப் புதிதாக வடிவமைத்தபோது 20 பென்ஸில் ஆண்டைப் பின்புறத்திலிருந்து அரசியின் பக்கத்துக்கு மாற்றினார்கள். பழைய அரசி அச்சையும் புதிய பின்புற அச்சையும் தவறுதலாக ஜோடி சேர்த்ததில் ஆண்டில்லாத காசு பிறந்தது. இப்படிப் பொருந்தாத ஜோடியை 'மியூல்' என்பார்கள். அரசி பக்கத்தில் ஆண்டு இருந்த இடத்தை ராவிப் போலி செய்வதும் உண்டு. அந்த ஓரத்தில் தேய்ப்புத் தடம் தேடுங்கள்.

பின்பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கிறது. – கடலூர்

நம் காசில் இரு பக்கமும் ஒரே நிமிர்வு. மேல் ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் இரு விரலால் பிடித்துச் சுழற்றினால் மறுபக்கமும் நேராக நிற்க வேண்டும். 10, 15 பாகைச் சாய்வு அடிக்கடி வரும், யாரும் கேட்க மாட்டார்கள். 45 பாகைக்கு மேல் என்றால் தனியாக எடுத்து வையுங்கள். முழுக்கத் தலைகீழ் என்றால் கட்டாயம்.

வைஷ்ணவதேவி உருவம் உள்ள 5 ரூபாய்க்கு லட்சக்கணக்கில் தருவதாகச் சொல்லி, பதிவுக் கட்டணம் கேட்கிறார்கள். – தர்மபுரி

கட்டாதீர்கள். அது கோயில் வாரியத்தின் வெள்ளி விழாவுக்காக 2012 ஆண்டு பொறித்து வெளியிட்ட நினைவு நாணயம், பிழையும் அல்ல, அபூர்வமும் அல்ல. வாங்குகிறவர் பணம் தருவார், கேட்க மாட்டார். பழைய காசுகளையும் நோட்டுகளையும் வாங்குவதாகத் தன் பெயரைப் பயன்படுத்திக் கட்டணமும் கமிஷனும் கேட்பவர்களைப் பற்றி ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது.

எரர் காயின் உறுதியாகிவிட்டது. புளி போட்டுத் துலக்கிவிட்டு விற்கலாமா? – விருதுநகர்

வேண்டவே வேண்டாம். புளி, எலுமிச்சை, திருநீறு, பற்பசை எதுவும் கூடாது. உலோகத்தின் மேல்தோல் போனால், மேலே சொன்ன சாட்சிகள் அத்தனையும் அதோடு போகும். பசையோ பிளாஸ்டிக் பிசுபிசுப்போ ஒட்டியிருந்தால் மட்டும், சுத்தமான அசிட்டோனைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றிச் சில நிமிடம் ஊறவிட்டு, தேய்க்காமல் எடுத்துக் காயவிடுங்கள். நகப்பூச்சு நீக்கி உதவாது, அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் விளக்கோ அடுப்போ எரியக் கூடாது.

வைப்பதற்குப் பி.வி.சி. பிளாஸ்டிக் உறை ஆகாது. நாளடைவில் பச்சைப் பிசின் கசிந்து செம்பு கலந்த காசை அரிக்கும். மைலார் (பாலியெஸ்டர் தாள்) உறையோ, மைலார் ஜன்னல் வைத்த சதுர அட்டையோ போதும். அட்டையில் எடை, குறுக்களவு, கிடைத்த தேதி எழுதுங்கள். ஸ்டேப்ளர் பின்னைக் குறடால் தட்டையாக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் அடுத்த அட்டையில் இருக்கும் காசில் கீறல் விழும்.